வாய்ப்பூட்டை உடைத்த படங்கள்: மார்லன் ரிக்ஸ் ப்ளூ-ரே பெட்டி

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் மார்லன் ரிக்ஸ் 1986 முதல் 1994 வரை உருவாக்கிய ஏழு படங்களை 2 ப்ளூ-ரே தட்டுகளில் தொகுத்து, ‘தி சிக்னிஃபையிங் வொர்க்ஸ் ஆஃப் மார்லன் ரிக்ஸ்’ என்ற பெயரில் க்ரைடீரியன் நிறுவனம் 2021 ஜூன் மாதம் வெளியிட்டது. கறுப்பினத்தவராகவும் தன்பாலீர்ப்பாளராகவும் வாழ்ந்த ரிக்ஸ், இவற்றில் பெரும்பாலானவற்றைத் திரையரங்கை மனத்தில் வைத்து எடுக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டிதான் அவருடைய இலக்கு. அந்தப் பெட்டி அவருடைய ஒரு படத்தை எப்படி நடத்தியது என்ற வரலாறு தெரிந்தால்தான் இத்தொகுப்பின் மதிப்பு முழுமையாகப் புரியும். ஆகவே விலை, தரம், கூடுதல் அம்சங்கள் ஆகியவற்றுக்குப் போகுமுன் அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1989-இல் வெளிவந்த ‘டங்ஸ் அன்டைட்’ 55 நிமிடங்கள் ஓடுகிறது. கட்டவிழ்ந்த நாவுகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்க்கையைக் கவிதை, நடனம், ஒப்புதல் மொழி, தெருவோரப் பேச்சு ஆகியவற்றால் கோத்துச் சொல்லும் இப்படத்தில் எசெக்ஸ் ஹெம்பில் என்னும் கவிஞரின் குரலும் ரிக்ஸின் சொந்தக் குரலும் மாறி மாறி ஒலிக்கின்றன. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரத்தை அடுத்த ஹெப்சிபா என்னும் ஊரில் பள்ளி மாணவனாக இருந்த நாள்களை ரிக்ஸ் நினைவுகூரும் பகுதியை என்னால் மறக்க முடியாது. அவர் முகம் மட்டும் திரையில் இருக்க, நடுநடுவே வெறும் வாய்கள் திரையை நிறைக்கின்றன. ஒரு வாய் இனத்தைச் சொல்லி வைகிறது, அடுத்த வாய் அவர் விருப்பத்தைச் சொல்லி வைகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் தத்தமக்குத் தெரிந்த வசவை அந்தச் சிறுவன்மேல் எறிகிறார்கள். கண்ணோ நெற்றியோ காட்டப்படாததால், வைபவர் யார் என்பது முக்கியமற்றுப் போய், பல்லும் உதடும் எச்சிலுமாக வசவு மட்டுமே கண்முன் நிற்கிறது.

இந்த வலிக்குப் பக்கத்திலேயே குதூகலமும் இருக்கிறது. சொடக்குப் போடுவதை ஒரு முழுக் கலையாகவே விரித்துக் காட்டும் பகுதி அதற்குச் சான்று. கோபத்துக்கு ஒன்று, கேலிக்கு ஒன்று, பேச்சை முடித்துவைக்க ஒன்று எனச் சொடக்குகளை வகைபிரித்து, பாடம் நடத்துவதுபோல் நடித்துக் காட்டுகிறார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட ஒரு மொழியை, அதை அறியாதவருக்கு விளக்கம் சொல்லி மெலியவைக்காமல், அதன் மிடுக்கோடு அப்படியே திரையில் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொகுப்பின் தலைப்பிலுள்ள ‘சிக்னிஃபையிங்’ என்ற சொல்லும் அந்த மரபைச் சேர்ந்ததே. சிலேடையும் குத்தலும் கலந்து, நேராகச் சொல்லாமல் சொல்லும் கறுப்பினப் பேச்சுக்கலையை அது குறிக்கிறது.

இந்தப் படத்தைத்தான் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், ‘பி.ஓ.வி.’ என்ற ஆவணப்பட வரிசையில் 1991 ஜூலை 16 அன்று ஒளிபரப்ப முன்வந்தது. தணிக்கை என்றவுடன் நமக்கு ஒரு வாரியமும் சான்றிதழும் கத்தரியும் நினைவுக்கு வரும். அங்கே நடந்தது வேறு. பிபிஎஸ் என்பது தனித்தனி உள்ளூர் நிலையங்களின் கூட்டமைப்பு. மையத்திலிருந்து வரும் நிகழ்ச்சியை ஏற்பதா, நள்ளிரவுக்குத் தள்ளுவதா, அடியோடு தவிர்ப்பதா என்பதை ஒவ்வொரு நிலையமும் தானே முடிவுசெய்யலாம். உள்ளூர் நன்கொடையாளர்களையும் அரசு நிதியையும் அன்று நம்பியிருந்த நிலைய மேலாளர், தடை என்ற சொல்லையே உச்சரிக்காமல், தம் பகுதி மக்களின் ரசனைக்கு இது ஒத்துவராது என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்த ஊரில் படம் இல்லாமல் போய்விடும். பல நிலையங்கள் அப்படித்தான் செய்தன, அவற்றுள் பெருநகர நிலையங்களும் இருந்தன. யாரும் கத்தரி வைக்கவில்லை, யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை, ஆயினும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அந்தப் படம் போய்ச்சேரவில்லை. இந்த வகைத் தணிக்கையை எதிர்த்து வழக்காடுவதுகூட எளிதன்று, ஏனெனில் தடைசெய்தவர் என்று கைகாட்ட ஒருவர் இருப்பதில்லை.

அதன் எதிரொலி அடுத்த மாதமே தெரிந்தது. 1989 டிசம்பரில் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் எய்ட்ஸ் போராட்ட இயக்கமான ‘ஆக்ட் அப்’ நடத்திய ஆர்ப்பாட்டத்தைப் பற்றி ராபர்ட் ஹில்ஃபர்டி எடுத்த ‘ஸ்டாப் தி சர்ச்’ என்ற அரைமணி நேரத்துக்கும் குறைவான படம், அதே வரிசையில் 1991 ஆகஸ்டில் ஒளிபரப்பாக இருந்தது. நிலையங்கள் இன்னொரு சர்ச்சையைத் தாங்காது என்ற அச்சத்தில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் கேசிஇடி நிலையம் திருச்சபைத் தலைமையின் கண்டனத்தையும் மீறி அதைத் தனியாக ஒளிபரப்பியது. ஒரு படத்துக்கு எழுந்த கூச்சல் அடுத்த படத்தின் வாயைக் கட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஹில்ஃபர்டியின் அந்தப் படம் இப்பெட்டியில் இடம்பெறவில்லை. இது ரிக்ஸின் படைப்புகளுக்கான தொகுப்பு என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது என்றாலும், அவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிந்திருந்தால் அந்தக் கோடைகாலம் முழுமையாகக் கண்முன் வந்திருக்கும்.

ஒளிபரப்ப மறுப்பது ஒருவகைத் தணிக்கை என்றால், துண்டாக்கிக் காட்டுவது இன்னொரு வகை. 1992-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கிய பேட் புக்கானன், ஜார்ஜியா மாநிலத் தேர்தலை ஒட்டி ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டார். தோலுடை அணிந்து ஆடும் ஆண்களின் சில காட்சிகளை ‘டங்ஸ் அன்டைட்’ படத்திலிருந்து அனுமதியின்றி எடுத்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, ஜார்ஜ் புஷ்ஷின் அரசு மக்கள் வரிப்பணத்தை ஆபாசக் கலைக்குச் செலவிடுகிறது என்று அந்த விளம்பரம் குற்றம் சாட்டியது. இத்தனைக்கும் அரசு நிதியில் இயங்கும் கலைகளுக்கான தேசிய அறக்கட்டளையின் பணம், ஒரு வட்டாரக் கலை நிதியின் வழியாக இந்தப் படத்துக்கு வந்தது 5,000 டாலர் மட்டுமே. அந்த விளம்பரம் வெளிவருவதற்குச் சில நாள்கள் முன்புதான் அறக்கட்டளையின் தலைவர் ஜான் ஃப்ரோன்மேயர் பதவி விலக வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தார். ரிக்ஸ் விரைவிலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மறுப்புக் கட்டுரை எழுதினார். பள்ளியில் எந்த மாநிலத்துப் பிள்ளைகள் அவரை வைதார்களோ, அதே மாநிலத்து வீடுகளில் அவருடைய படம் துண்டு துண்டாகி அவருக்கே எதிராக ஓடியது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. முழுப் படத்தை ஒளிபரப்பத் தயங்கிய ஊர்களில், படத்தின் துண்டுகளை ஒளிபரப்பத் தடையே இருக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் இப்பெட்டியை நான் மதிக்கிறேன். எவர் தயவும் இன்றி, நேரம் மாற்றப்படாமல், வேகம் குறைக்கப்படாமல், முதல் நொடியிலிருந்து இறுதி நொடிவரை அந்தப் படத்தை இயக்குநர் வைத்த வரிசையிலேயே பார்க்க இது வழிசெய்கிறது. புக்கானன் எடுத்தாண்ட காட்சிகள் படத்தில் எந்த இடத்தில் வருகின்றன என்று தேடிப் பார்த்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதிக்கு வந்துசேர்ந்த ரிக்ஸ், வெள்ளையரே நிறைந்த அந்தத் தன்பாலீர்ப்புச் சமூகத்தில் தாம் கண்ணுக்கே தெரியாதவராக இருந்ததைச் சொல்லும் சூழலோடு அவை பின்னிக் கிடக்கின்றன. அதாவது, படம் எதைக் கண்டு வருந்துகிறதோ அதையே படத்தின் கொண்டாட்டமாக விளம்பரம் காட்டியிருக்கிறது. இதை எந்தக் கட்டுரையும் எனக்குப் புரியவைக்கவில்லை. முழுப் படத்தையும் இடைவிடாமல் பார்த்தபோதுதான் புரிந்தது.

இனி குறும்படங்களுக்கு வருகிறேன். இத்தொகுப்பை வாங்குவதற்கு அவையே போதிய காரணம் என்பது என் கருத்து. ‘அஃபர்மேஷன்ஸ்’ (1990) 10 நிமிடம் மட்டுமே ஓடும். ‘டங்ஸ் அன்டைட்’ படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட பகுதிகளிலிருந்து உருவான இது, ரெஜினால்டு ஜாக்சன் என்பவர் தம் முதல் உறவு அனுபவத்தை வெட்கமும் சிரிப்புமாகச் சொல்வதில் தொடங்குகிறது. பிறகு நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் நடக்கும் கறுப்பினத்தவர் பேரணிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. தம் சொந்த மக்களின் பேரணியில் தம் பதாகையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தன்பாலீர்ப்பு ஆண்களை நோக்கி ஓரத்தில் நிற்பவர்கள் கூச்சலிடுகிறார்கள். நடப்பவர்கள் நிற்பதில்லை. ஊராரின் வெறுப்பைவிட உறவினரின் வெறுப்பு ஆழமாகக் குத்தும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் நெஞ்சை அடைக்கும்.

‘ஆந்தம்’ (1991) 9 நிமிடம். இது ஏறத்தாழ ஓர் இசைக் காணொளி. துள்ளும் தாளத்தின்மேல் ஹெம்பிலின் கவிதை ஒலிக்க, ஆண்களின் முத்தமும் நடனமும் அமெரிக்கக் கொடியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நாட்டுப்பண் என்ற பொருள்தரும் தலைப்பை இதற்கு வைத்திருப்பதே ஓர் உரிமைக்குரல்: இந்த நாட்டின் பாட்டில் எங்களுக்கும் பங்குண்டு என்பது. ஒளிபரப்பத் தக்கதா என்ற கேள்வி தம் முந்தைய படத்தைச் சூழ்ந்திருந்த அதே காலத்தில், கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல் இதை எடுத்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அச்சுறுத்தப்பட்ட கலைஞர்கள் பலர் அடுத்த படைப்பில் தாமே தம்மைத் தணிக்கை செய்துகொள்வதைப் பார்த்திருக்கிறோம். ரிக்ஸ் நேர்மாறாக இன்னும் உரக்கப் பேசினார். எனினும், படத்தொகுப்பின் வேகம் சில இடங்களில் கவிதையின் சொற்களை விழுங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல்முறை பார்க்கையில் பாதி வரிகள் எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது, ‘நோன், ஜெ நெ ரெக்ரெத் ரியன்’ (1992). 38 நிமிடம் ஓடும் இதில், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் ஐந்து கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்கள் பேசுகிறார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய முகங்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கண் தெரிகிறது, பிறகு உதடு தெரிகிறது, அவர்கள் தங்கள் கதையைச் சொல்லச் சொல்ல மறைப்பு விலகி முழு முகம் வெளிப்படுகிறது. தொலைக்காட்சிச் செய்திகளில் நோயாளிகளின் முகத்தை இருட்டாக்கிக் காட்டும் பழக்கத்தை எடுத்துக்கொண்டு அதையே தலைகீழாக்கிய இந்த உத்தி அவ்வளவு எளிமையானது, அவ்வளவு வலிமையானது. அவர்கள் அழுது புலம்பவில்லை. பயந்ததையும், ஒளிந்ததையும், பிறகு ஒருநாள் வாய்திறந்து சொன்னதையும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். தொகுப்பில் எனக்கு மிக நெருக்கமான படம் இதுவே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பினத்தவரைக் கேலிச்சித்திரமாக்கிய பொம்மைகளையும் பாடல்களையும் ஆராயும் ‘எத்னிக் நோஷன்ஸ்’ (1986) எம்மி விருது பெற்ற திடமான பாடம். வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. ‘கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ (1992) அமெரிக்கத் தொலைக்காட்சி நாற்பது ஆண்டுகளாகக் கறுப்பினக் குடும்பங்களை எப்படிக் காட்டியது என்று ரூபி டீயின் குரலில் சொல்கிறது. 1956-இல் தொடங்கிய, கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலின் நிகழ்ச்சிக்கு நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் கிடைக்காமல் அடுத்த ஆண்டே நின்றுபோனதை அறிந்தவர்கள், தணிக்கை என்பது அரசின் கையில் மட்டும் இல்லை என்பதை இப்படத்தில் விரிவாக உணரலாம். ‘பிளாக் இஸ்... பிளாக் ஏன்ட்’ படத்தின் வேலை முடியுமுன்பே, 1994 ஏப்ரல் 5 அன்று, தம் 37-ஆம் வயதில் எய்ட்ஸ் நோயால் ரிக்ஸ் இறந்தார். அவருடைய குழுவினர் அதை முடித்து வெளியிட்டனர். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி, தமக்கு வேலை மிச்சம் இருக்கும்வரை தாம் சாகப்போவதில்லை என்ற பொருள்பட அவர் பேசும் காட்சியைத் தனியாகப் பார்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

வாங்க விரும்புவோர் கவனிக்க வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில உண்டு. இந்தத் தட்டுகள் ‘ஏ’ மண்டலக் குறியீடு கொண்டவை. டொராண்டோ, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய ஊர்களில் விற்கும் இயக்கிகளில் இவை ஓடும். இந்தியாவும் இலங்கையும் ‘சி’ மண்டலத்திலும், ஐரோப்பா ‘பி’ மண்டலத்திலும் இருப்பதால், சென்னை, யாழ்ப்பாணம், லண்டன் வாசகர்கள் எல்லா மண்டலங்களையும் ஏற்கும் இயக்கி இருந்தாலன்றி வாங்கக் கூடாது. என் அத்தை மகள் டொராண்டோவிலிருந்து வரும்போது பெட்டியை வாங்கிவந்தார். எல்லாத் தட்டுகளும் ஓடும் என்று உறுதி சொல்லி உள்ளூர்க் கடையொன்றில் விற்ற என் இயக்கி முதல் தட்டையே ஏற்க மறுத்துவிட்டது. நண்பர் ஒருவரிடமிருந்து வேறொன்றை இரவல் வாங்கும்வரை மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தது.

படத்தரத்தைப் பொறுத்தவரை, புதிய உயர்தர மின்னணுப் பிரதிகள் என்று உறையில் இருப்பதைக் கண்டு பளிங்குபோன்ற காட்சியை எதிர்பார்க்க வேண்டாம். இவை பெரும்பாலும் அக்கால வீடியோ நாடாவில் எடுக்கப்பட்டவை. விளிம்புகள் மென்மையாக, சிவப்பு நிறம் சற்றே கசிந்து, பழைய சதுரத் திரை அளவிலேயே இருக்கின்றன. அவற்றை மெருகேற்றுகிறோம் என்று கெடுக்காமல் விட்டிருப்பது சரியான முடிவு. ஒலி மிக நன்றாக இருக்கிறது. ‘டங்ஸ் அன்டைட்’ படத்தில் இதயத்துடிப்பு ஒலிக்கும் இடங்களைக் காதணி ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும்.

கூடுதல் அம்சங்களில், கேரன் எவரெட் 1996-இல் எடுத்த வாழ்க்கை ஆவணப்படம் தனி மதிப்புடையது. ரிக்ஸின் தாயாரும் வாழ்க்கைத் துணைவரும் அதில் பேசுகிறார்கள். ரிக்ஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1981-இல் எடுத்த ஆய்வுப்படமும், நண்பர்களும் அறிஞர்களும் பேசும் புதிய நிகழ்ச்சிகளும், கே. ஆஸ்டின் காலின்ஸின் கட்டுரையும் உண்டு. ஒளிபரப்புச் சர்ச்சையின் மூல ஆவணங்களை, குறிப்பாக நிலைய மேலாளர்களின் கடிதங்களையும் அக்கால நாளிதழ்ப் பக்கங்களையும், ஒரு சிறுநூலாக இணைத்திருந்தால் ஆய்வாளர்களுக்குப் பெரும் பயனாக இருந்திருக்கும். வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. அவை செவித்திறன் குறைந்தோருக்காக அமைந்தவை என்பதால் கவிதை வரிகளை நிறுத்திப் படிக்க நமக்கும் உதவுகின்றன.

இரண்டாம் முறை பார்த்தபோது இரவல் கொடுத்த நண்பரும் உடனிருந்தார். ‘டங்ஸ் அன்டைட்’ இறுதியை நெருங்கும் கட்டத்தில், எய்ட்ஸால் இறந்த கறுப்பின ஆண்களின் இறப்புச் செய்தி நறுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன, பிறகு ரிக்ஸின் முகமே அவ்வரிசையில் வருகிறது. நண்பர் அங்கே படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றார். ஒளிபரப்பில் அப்படிச் செய்திருக்க முடியாது. அன்றிரவு அந்த ஒன்றிரண்டு நிமிடக் காட்சியை நாங்கள் பார்த்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

குறும்படங்கள் மூன்றையும் தமிழ் வசன வரிகளோடு சிறு குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்தோம். அதற்கான உரிமை கேட்டு எழுதவும் போகிறோம். முன்னோட்டமாக ‘டங்ஸ் அன்டைட்’ படத்தின் தொடக்கத்தில் வரும் ‘பிரதர் டு பிரதர்’ என்ற முழக்கத்தைத் தமிழாக்கிப் பார்த்தோம், அங்கேயே நின்றுவிட்டோம். ஆங்கிலத்தில் அது இரண்டு சமமானவர்களின் சொல். தமிழில் அண்ணன் என்றால் ஒருவர் மூத்தவராகிவிடுகிறார், தம்பி என்றால் இளையவராகிவிடுகிறார். சகோதரன் என்றால் மேடைப்பேச்சின் வாடை வருகிறது, தோழன் என்றால் இரத்த உறவு போய்விடுகிறது. ‘கூடப்பிறந்தவன்’ என்று நண்பர் சொன்னார். அதை அந்த முழக்கத்தின் தாளத்தோடு இருவரும் சேர்ந்து, முதலில் மெதுவாகவும் பிறகு உரக்கவும், பலமுறை சொல்லிப் பார்த்தோம். இப்போதைக்கு நோட்டில் அதையே எழுதிவைத்திருக்கிறோம்.